மின்சாரம் இறங்கினால் மாயாவி தெரிவார்



அறக்கட்டளைச் சொற்பொழிவில் காமிக்ஸா என்று அழைப்பிதழைப் பார்த்துப் புருவம் உயர்த்தியவர்கள் இந்த அரங்கில் சிலர் இருக்கலாம். அவர்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பதைவிடப் பொருளுக்குள் போய்விடுவது நல்லது.

இரும்புக்கை மாயாவியிலிருந்து தொடங்குகிறேன். சிவகாசியிலிருந்து 1972-இல் வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர் கதைதான். லூயிஸ் கிராண்டேல் என்பது இயற்பெயர். பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூட உதவியாளர். ஏற்கெனவே ஒரு விபத்தில் வலது கையை இழந்து, எஃகுக் கை பொருத்திக்கொண்டவர். பேராசிரியரின் கருவி ஒருநாள் வெடிக்கிறது. உயர் அழுத்த மின்சாரம் அவர் உடலில் பாய்கிறது. எஃகுக் கையைத் தவிர உடல் முழுவதும் மறைந்துபோகிறது. சற்று நேரம் கழித்து, பாய்ந்த மின்சாரத்தின் வேகம் அடங்கியதும் உருவம் திரும்பிவிடுகிறது. மறுபடி மறைய வேண்டுமானால் பிளக்கில் விரலை வைத்தாக வேண்டும்.

மின்சாரம் பாய்ந்தால் மனிதன் மறைவானா? செத்துப்போவான். இதில் அறிவியல் என்று எதுவும் இல்லை. ஆனால் இந்த ஒரு விபத்து கதாசிரியர் கையில் எத்தனை வசதிகளைக் கொடுத்துவிட்டது என்று பாருங்கள். மாயாவி எங்கே போனாலும் முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தைத் தேட வேண்டும். காட்டில், கடலில், பாலைவனத்தில் என்ன செய்வார்? மெயின் சுவிட்சை அணைத்துவிடத் தெரிந்த எதிரி அவரை வெறும் ஒற்றைக் கையராக ஆக்கிவிடலாம். எல்லாம் சரியாக நடந்து மறைந்த பிறகும், அந்த எஃகுக் கை காற்றில் தனியாக மிதந்துகொண்டிருக்கும். பார்த்தவன் அலறுவான், சுடுவான். ஒரே ஒரு கட்டத்தில் போட்ட விதி, நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குப் பதற்றத்தைத் தந்துகொண்டே இருக்கிறது.

இந்தக் கதை பிரிட்டனில் ‘வேலியண்ட்’ என்ற சிறுவர் வார இதழில் 1962 அக்டோபரில் தொடங்கியது. தொடக்கக் கதைகளை எழுதியவர் கென்னத் பல்மர், அறிவியல் புனைகதை நாவலாசிரியர். வரைந்தவர் ஜீசஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர். பல்மர் எச். ஜி. வெல்ஸைப் படித்தவர் என்பதற்குத் தனிச் சான்று வேண்டியதில்லை. 1897-இல் வெல்ஸ் எழுதிய ‘இன்விசிபிள் மேன்’ நாவலின் கிரிஃபின், தன் உடலை மறைக்கக் கற்றுக்கொண்டான். உடைகளை மறைக்கத் தெரியவில்லை. அதனால் லண்டன் குளிரில் உடுப்பில்லாமல் அலைகிறான். சாப்பிட்டால், செரிக்கும்வரை வயிற்றிலிருக்கும் உணவு வெளியே தெரிகிறது. மறைவதால் கிடைக்கும் சுகத்தைவிட அதனால் வரும் அவதியைத்தான் வெல்ஸ் விரிவாக எழுதினார். பல்மர் அந்த அவதிகளையெல்லாம் சுருக்கி ஒரு கையிலும் ஒரு பிளக்கிலும் கொண்டுவந்து வைத்தார்.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். பழைய அறிவியல் காமிக்ஸ்களில் வரும் பிறப்புக் கதைகளைப் படிப்பவர்கள் பெரும்பாலும் அந்த அறிவியல் சரியா, தப்பா என்று பார்க்கிறார்கள். இல்லையென்றால், அந்தந்தக் காலத்தின் அச்சம் அதில் எப்படித் தெரிகிறது என்று பார்க்கிறார்கள். இரண்டும் பார்க்கத்தக்கவைதான். நான் கேட்பது வேறு. அந்தப் பிறப்பு, நாயகன்மேல் என்ன நிபந்தனையைப் போடுகிறது? முந்நூறாவது வாரத்திலும் அந்த நிபந்தனை அவனைக் கட்டுப்படுத்துகிறதா? இரணியன் வாங்கிய வரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பகலிலும் இரவிலும் சாவில்லை, உள்ளேயும் வெளியேயும் சாவில்லை என்று அவன் அடுக்கிக்கொண்டே போனபோது, மிச்சம் இருந்த அந்தியையும் வாசற்படியையும் தானே குறித்துக்கொடுத்தான். வரத்தின் சொற்களிலேயே கதையின் முடிவு இருந்தது.

பிறப்புக் கதை சொல்லும் இந்தத் தொழில் எங்கே தொடங்கியது என்று பார்த்தால் 1926 ஏப்ரலுக்குப் போக வேண்டும். ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் நியூயார்க்கில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழைத் தொடங்கினார். அதில் 1928 ஆகஸ்டில் பிலிப் நௌலன் எழுதிய கதையில், பென்சில்வேனியாவின் கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் ரோஜர்ஸ் என்பவன் கதிரியக்க வாயுவில் சிக்கி மயங்குகிறான். 492 ஆண்டுகள் தூங்கி 2419-இல் எழுகிறான். மறு ஆண்டு ஜனவரியிலேயே அவன் பக் ரோஜர்ஸ் என்ற பெயரில் செய்தித்தாள் படக்கதையானான். அந்த வாயு அவனுக்கு எந்த ஆற்றலையும் தரவில்லை. கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். எழுந்த பிறகு வாயுவை யாரும் நினைப்பதில்லை. 1934-இல் வந்த ஃபிளாஷ் கார்டனும் அந்த வகைதான். விமானம் விழுகிறது, சார்கோவ் என்ற விஞ்ஞானி துப்பாக்கியைக் காட்டி ராக்கெட்டில் ஏற்றுகிறார், மோங்கோ கிரகத்தில் இறங்கினால் கதை ஆரம்பம். அலெக்ஸ் ரேமண்டின் ஓவியத்துக்காக இன்றும் பார்க்கலாம். பிறப்புக் கதை என்ற வகையில் அதில் சொல்ல அதிகமில்லை.

‘அமேசிங் ஸ்டோரீஸ்’ போன்ற இதழ்களை விழுந்து விழுந்து படித்த பையன்களில் ஒருவர் ஜெர்ரி சீகல். ஓஹையோ மாநிலம் கிளீவ்லேண்டில், லிதுவேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தின் மகன். அப்பா பழைய துணிக்கடை வைத்திருந்தார். 1932 ஜூனில் கடையில் திருட்டு நடந்தபோது அவர் மாரடைப்பால் இறந்தார். குண்டு துளைக்காத ஒருவனை அந்த மகன் கற்பனை செய்ததை இந்தச் சாவோடு முடிச்சுப் போட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. ஏனென்றால் 1933 ஜனவரியில், தாமே நடத்திய ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ என்ற ரசிகர் இதழில் சீகல் முதன்முதலாக எழுதிய சூப்பர்மேன் ஒரு வில்லன். வழுக்கைத் தலை. ஒரு விஞ்ஞானியின் சோதனையால் மனோசக்தி பெற்று உலகை ஆளத் துடிப்பவன். அப்பா இறந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரத்தில் அந்தப் பையன் எழுதியது, காப்பாற்ற வருபவனின் கதையாக இல்லை.

நல்ல சூப்பர்மேன் 1938-இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் வந்தான். அட்டையில் ஜூன் என்று போட்டிருந்தாலும் ஏப்ரலிலேயே கடைக்கு வந்துவிட்டது. விலை 10 சென்ட். பள்ளி நண்பர் ஜோ ஷஸ்டர் வரைந்தார். பிறப்புக் கதைக்குக் கிடைத்த இடம் ஒரே ஒரு பக்கம். தொலைவில் ஒரு கிரகம் முதுமையால் அழிகிறது. கிரகத்துக்குப் பெயர்கூட இல்லை. ஒரு விஞ்ஞானி கைக்குழந்தையை விண்கலத்தில் வைத்து அனுப்புகிறார். வழியே காரில் போன ஒருவர் குழந்தையை எடுத்து அநாதை இல்லத்தில் விடுகிறார். கிரிப்டன் என்ற பெயர் மறு ஆண்டு செய்தித்தாள் தொடரில்தான் வந்தது. கென்ட் தம்பதியர் அதற்கும் பிறகு, 1939 கோடையில்.

அந்த ஒரு பக்கத்தின் அடியில் அறிவியல் விளக்கம் என்றே தலைப்பிட்டு இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. எறும்பு தன் எடையைப்போல் பலமடங்கு தூக்குகிறது, வெட்டுக்கிளி தன் அளவுக்கு மீறித் தாவுகிறது, ஆகவே இதுவும் நடக்கும் என்கிறது அந்த விளக்கம். பிலிப் வைலியின் ‘கிளாடியேட்டர்’ நாவல் 1930-இலேயே இதே எறும்பையும் வெட்டுக்கிளியையும் பயன்படுத்திவிட்டது. ஆனால் அந்தப் பக்கத்தில் நான் வியந்து பார்ப்பது பூச்சிகளை அல்ல, அளவுகளை. சூப்பர்மேன் மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம் தாவுவான். இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டுவான். எக்ஸ்பிரஸ் ரயிலைவிட வேகமாக ஓடுவான். வெடிக்கும் பீரங்கிக் குண்டுக்குக் குறைந்த எதுவும் அவன் தோலைத் துளைக்காது. அப்படியானால் பீரங்கிக் குண்டு துளைக்கும்! அவனுக்குப் பறக்கத் தெரியாது. 1938-இன் சூப்பர்மேனுக்கு எல்லைகள் இருந்தன, அவை எண்களில் எழுதப்பட்டிருந்தன.

புகழ் அந்த எல்லைகளை அரித்துவிட்டது. சில ஆண்டுகளில் பறக்கத் தொடங்கினான். பிறகு கிரகங்களையே தள்ளினான். தோற்கவே முடியாத ஆளை வைத்துக்கொண்டு வாராவாரம் கதை எழுதுவது எப்படி? 1943-இல் வானொலித் தொடரில் கிரிப்டோனைட் என்ற கல்லைக் கண்டுபிடித்தார்கள். 1949-இல் அது காமிக்ஸுக்குள் வந்தது. அவனுடைய கிரகத்தின் சிதறலே அவனுக்கு நஞ்சு. இது நல்ல யோசனை என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் ஒட்டுப்போட்ட யோசனை. பிறப்பிலேயே வந்திருக்க வேண்டிய நிபந்தனையைப் பதினோராம் வயதில் கொண்டுவந்து தைத்தார்கள். அதனால்தான் பிற்பாடு ஊரில் இருக்கும் ஒவ்வொரு திருடனிடமும் ஒரு துண்டு கிரிப்டோனைட் இருந்தது.

ஆற்றலுக்குக் காரணமும் இப்படியே மாறிக்கொண்டு வந்தது. முதலில் அந்த இனமே நம்மைவிடப் பல லட்சம் ஆண்டுகள் பரிணாமத்தில் முன்னேறியது என்றார்கள். பிறகு கிரிப்டனில் ஈர்ப்பு அதிகம், இங்கே குறைவு என்றார்கள். 1960-இல் நமது மஞ்சள் சூரியன்தான் காரணம் என்று முடிவுசெய்தார்கள். அப்போது சூப்பர்மேன் இதழ்களின் ஆசிரியராக இருந்தவர் மோர்ட் வைசிங்கர். அவரும் பழைய அறிவியல் புனைகதை ரசிகர்தான். 1958-இலிருந்து சூப்பர்மேன் இதழில் வாசகர் கடிதப் பகுதி வந்துகொண்டிருந்தது. முன்னுக்குப் பின் முரணானதைச் சிறுவர்கள் விடாமல் எழுதிக் கேட்டார்கள். உரையாசிரியர்களுக்குக் குறையாத கூர்மை அந்தப் பத்து வயதுக்காரர்களுக்கு இருந்தது.

வைசிங்கரும் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸும் இளவயது நண்பர்கள். 1932-இல் ‘டைம் டிராவலர்’ என்ற ரசிகர் இதழை நடத்தியவர்கள், 1934-இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர்களுக்கு முகவர் நிறுவனமும் தொடங்கினார்கள். ரே பிராட்பரியின் தொடக்கக் கதைகளை விற்றுத் தந்தவர் ஷ்வார்ட்ஸ். இவர்கள் இருவரும் பின்னாளில் ஒரே காமிக்ஸ் நிறுவனத்தின் ஆசிரியர்களாக வந்து உட்கார்ந்தார்கள். எட்மண்ட் ஹாமில்டன், பழைய மலிவுத்தாள் இதழ்களில் கிரகம் கிரகமாக உடைத்துத் தள்ளியவர், பிறகு சூப்பர்மேனுக்குக் கதை எழுதினார். இந்த வட்டாரம் அவ்வளவு சிறியது.

1940-இல் வந்த பழைய ஃபிளாஷின் பிறப்பைச் சொல்லாமல் போகக் கூடாது. ஜே கேரிக் என்ற கல்லூரி மாணவன் ஆய்வுக்கூடத்தில் சிகரெட் பிடித்தபடி அயர்கிறான். கடின நீரின் ஆவியைச் சுவாசித்து, மின்னல் வேகத்தில் ஓடும் ஆற்றல் பெறுகிறான். கடின நீர் என்றால் சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்த தண்ணீர். நம் ஊர் ஆழ்துளைக் கிணறுகளில் வருவதுதான். சென்னைப் புறநகரில் பாதிப் பேர் இந்நேரம் ரயிலை முந்திக்கொண்டிருக்க வேண்டும். 1956-இல் ஷ்வார்ட்ஸ் புது ஃபிளாஷை உருவாக்கியபோது காவல்துறை ஆய்வகத்தில் ரசாயனப் புட்டிகளுக்கு நடுவே நின்ற பாரி ஆலன்மேல் மின்னல் விழுந்தது. இதுவும் அறிவியல் இல்லை. ஆனால் உணவகத்தில் பணிப்பெண்ணின் தட்டிலிருந்து சரிந்த உணவு அந்தரத்தில் நிற்க, அவன் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும் இடம் இருக்கிறதே, கார்மைன் இன்ஃபான்டினோவின் தூரிகைக்காகவே அந்த இதழை வைத்திருக்கலாம். அந்த பாரி ஆலன் சிறுவயதில் ஜே கேரிக்கின் காமிக்ஸ் படித்தவன் என்றும் கதை சொல்கிறது. ரசிகராக இருந்து ஆசிரியரானவருக்குத்தான் இது தோன்றும்.

1959-இன் கிரீன் லாண்டர்ன் இன்னும் செம்மையானது. விபத்தில் விழுந்த விண்கலத்துக்குள், சாகும் தறுவாயில் வேற்றுக்கிரகவாசி ஒருவர் தம் மோதிரத்தைச் சோதனை விமானி ஹால் ஜோர்டானிடம் ஒப்படைக்கிறார். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மோதிரத்துக்கு மின்னேற்ற வேண்டும். மஞ்சள் நிறத்தின்மேல் அது செல்லாது. 1940-இன் பழைய லாண்டர்னுக்கு மரக்கட்டைதான் பலவீனம். மந்திர விளக்குக்கு மரம், விண்வெளி விளக்குக்கு மஞ்சள். இரண்டிலும் காரணம் அபத்தம், கட்டுப்பாடு உறுதி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சண்டை போடும் நாயகன் என்பதால் அதை எழுதிய ஜான் புரூமுக்குக் கதை பஞ்சமாகவில்லை.

இனி கதிரியக்கம். 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் பூமியைச் சுற்றி வந்தார். அந்த ஆகஸ்டிலேயே ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ முதல் இதழ் கடைக்கு வந்தது. ரஷ்யர்களை முந்த வேண்டும் என்ற அவசரத்தில், போதிய தடுப்பு இல்லாத ராக்கெட்டில் நால்வர் கிளம்பி அண்டக் கதிர்களில் அடிபடுகிறார்கள். ஸ்டான் லீயும் ஜேக் கிர்பியும் சேர்ந்து செய்தது. நால்வரில் மூவருக்கு அது பரிசு. கதிர்களைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்த விமானி பென் கிரிமுக்கு மட்டும் உடல் பாறையாகிவிடுகிறது. திரும்பி மனிதனாக முடியவில்லை. மற்ற மூவரும் பிறப்புக் கதையைக் கடந்து போய்விட்டார்கள். பென் ஒவ்வொரு இதழிலும் அதற்குள்ளேயே வாழ்கிறார். அந்தத் தொடரின் உயிர் அவர்தான் என்பது என் கருத்து.

உண்மையான கதிர்வீச்சு என்ன செய்யும் என்பது அப்போது தெரியாத சங்கதி அல்ல. எக்ஸ் கதிர் பழ ஈக்களில் மரபணு மாற்றம் உண்டாக்குகிறது என்று ஹெர்மன் முல்லர் 1927-இலேயே காட்டி, 1946-இல் நோபல் பரிசும் பெற்றிருந்தார். 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின்மேல் கொட்டியது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றார்கள். படகின் வானொலித் தொடர்பாளர் குபோயாமா செப்டம்பரில் இறந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1962-இல், காமா குண்டு வெடிப்பில் சிக்கிய புரூஸ் பேனர் ஹல்க் ஆகிறார். இதைப் படிக்கையில் ஒரு கூச்சம் வரத்தான் செய்கிறது.

ஹல்க் என் அளவுகோலுக்கு நல்ல சாட்சி. முதல் இதழில் அவன் சாம்பல் நிறம். அச்சில் அந்த நிறம் சரியாக விழாததால் அடுத்த இதழில் பச்சையானான். நிறத்தை விடுங்கள், விதியே நிலையாக இல்லை. முதலில் இரவானால் மாறுவான், விடிந்தால் திரும்புவான். அப்புறம் கருவியின் கதிர் பட்டு மாறினான். எப்போது மாறுவான் என்று எழுதுபவர்களுக்கே நிச்சயமில்லை. ஆறு இதழ்களில் தொடர் நின்றுபோனது. கோபம் வந்தால் மாறுவான் என்ற விதி பின்னர் வேறொரு இதழில் உறுதியான பிறகுதான் இன்றைக்கு நாம் அறிந்த ஹல்க் பிறந்தான்.

அதே 1962-இல், ஆகஸ்ட் மாத இதழ் ஒன்றில் ஸ்பைடர்மேன் வந்தான். கதை 11 பக்கம்தான். கதிரியக்கம் ஏறிய சிலந்தி கடிப்பதற்குச் சில கட்டங்கள் போதுமாக இருந்தன. மிச்சப் பக்கங்களில் பீட்டர் பார்க்கர் மல்யுத்தத்தில் காசு சம்பாதிக்கிறான், தொலைக்காட்சியில் தோன்றுகிறான், தன்னைத் தாண்டி ஓடும் திருடனைத் தடுக்காமல் விடுகிறான். அந்தத் திருடன்தான் பின்னர் அவன் சித்தப்பாவைக் கொல்கிறான். ஸ்டீவ் டிட்கோ வரைந்த அந்த முகத்தில் திகில் விழும் கட்டம்தான் உண்மையான பிறப்பு. சிலந்திக்கடி அவனுக்குச் சுவரேறும் ஆற்றலைத் தந்தது. அவனைக் கட்டிப்போட்டது அவனே செய்த காரியம். மின்சாரத்தைத் துண்டிக்கலாம், மஞ்சள் பெயின்ட் அடிக்கலாம், குற்ற உணர்ச்சியை என்ன செய்வது? எந்தக் கதாசிரியர் வந்தாலும் அந்த நிபந்தனையை அகற்ற முடியவில்லை.

மறு ஆண்டு வந்த எக்ஸ்‌மென் குழுவினர் பிறவியிலேயே ஆற்றல் பெற்றவர்கள். ஆளுக்கொரு விபத்து யோசிப்பது அலுத்துவிட்டதால்தான் அந்த முடிவு என்று ஸ்டான் லீ பின்னாளில் சிரித்தபடி சொல்லியிருக்கிறார்.

ஜப்பானில் ஒசாமு தெசுகா 1952-இல் தொடங்கிய படக்கதையின் சிறுவன் பெயரே ஆட்டம், அதாவது அணு. அணுகுண்டு விழுந்த நாட்டில் அணுசக்தியால் இயங்கும் பொம்மைச் சிறுவன் நல்லவனாக வருவது தனி ஆராய்ச்சிக்குரியது. அவன் பிறப்பைப் பாருங்கள். டாக்டர் தென்மாவின் மகன் கார் விபத்தில் இறக்கிறான். துக்கம் தாளாத தந்தை, மகனைப் போலவே ஓர் எந்திரச் சிறுவனைச் செய்கிறார். சில காலம் கழித்து ஒன்று அவருக்கு உறைக்கிறது, இவன் வளரவில்லை. சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார். ஆட்டம் எவ்வளவு எடை தூக்குவான் என்பது எனக்கு மறந்துபோகும். வளராததற்காக விற்கப்பட்டவன் என்பது மறக்காது. நான் படித்த பிறப்புக் கதைகளில் இதைவிடக் கடுமையான நிபந்தனை எதுவும் இல்லை.

கடைசியாக, சீகலிடம் திரும்ப வேண்டும். முதல் இதழில் வந்த அந்த 13 பக்கக் கதைக்கும் சூப்பர்மேன் மீதான முழு உரிமைக்கும் சேர்த்து அவரும் ஷஸ்டரும் பெற்றது 130 டாலர். 1947-இல் வழக்குத் தொடர்ந்தார்கள். அடுத்த ஆண்டு ஒரு தொகையோடு சமரசம் ஆனது, இதழிலிருந்து இருவர் பெயரும் போனது. 1959-இல் சீகல் சூப்பர்மேனை வெளியிட்ட அதே நிறுவனத்துக்குத் திரும்பி, பெயரில்லாமல், தாம் படைத்த நாயகனுக்கே கூலிக்குக் கதை எழுதினார். உரிமைத் தகராறு மறுபடி எழ, அந்த வேலையும் போயிற்று. ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலரும் பெயர் அச்சிடும் உரிமையும் கிடைத்தது 1975-இல்தான். நடுவில் 1966-இலிருந்து அவர் எழுதியவற்றில் ஒன்று நமக்கு வேண்டியது. பிரிட்டனின் ‘லயன்’ வார இதழில் டெட் கோவன் தொடங்கி, ரெக் பன் வரைந்துகொண்டிருந்த ‘ஸ்பைடர்’ தொடரை அவர் ஏற்று எழுதினார். 1984-இல் சிவகாசியில் பிறந்த லயன் காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த அதே ஸ்பைடர்தான். அந்தக் கால பிரிட்டிஷ் வார இதழ்கள் கதாசிரியர் பெயரைப் போடுவதில்லை. கூர்க்காதும் கறுப்பு உடையுமாக வலைத் துப்பாக்கியில் பறந்துவந்த அந்தக் குற்றச் சக்கரவர்த்தியைத் தமிழ்ச் சிறுவர்கள் கொண்டாடியபோது, எழுதியவர் சூப்பர்மேனின் தந்தை என்று அவர்களுக்கு யார் சொல்வார்கள்?

ஸ்பைடருக்குப் பிறப்புக் கதையே கிடையாது. கிரகம் வெடிக்கவில்லை, மின்னல் விழவில்லை, எந்தப் பூச்சியும் கடிக்கவில்லை. எங்கிருந்து வந்தான், அந்தக் காது எப்படி வந்தது, எதற்கும் விளக்கமில்லை. முதல் கதையிலேயே முழு உருவத்தோடு வந்து, குற்றவாளிகளுக்கெல்லாம் தானே மன்னன் என்று அறிவித்துக்கொள்கிறான். பேராசிரியர் பெல்ஹாமையும் பூட்டுடைக்கும் ஆர்டினியையும் அடியாட்களாக்கிக்கொள்கிறான். பிறகு மற்ற வில்லன்களைத் துவைக்கப் புறப்படுகிறான். அதற்கும் பெரிய மனமாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. தன்னைவிட இன்னொருவன் பெரியவனாக இருப்பது பொறுக்கவில்லை, அவ்வளவே. எதிரிகள் அவனை மடக்க நினைக்கும்போதெல்லாம் அந்தத் தற்பெருமையைத்தான் தூண்டிலாகப் போடுகிறார்கள், அவனும் போய்க் கடிக்கிறான். இவ்வளவு நேரம் நான் பேசிய அளவுகோலுக்குள் அடங்காத ஆள் இவன். பிறப்புக் கதை என்ற சரக்கையே காமிக்ஸுக்கு ஒரு பக்கத்தில் செய்துகொடுத்தவர், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, அது இல்லாத ஒருவனை வாராவாரம் எந்தச் சிரமமும் இல்லாமல் ஓட்டிக் காட்டினார். எப்படி முடிந்தது என்று என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. லயன் காமிக்ஸ் சேகரிப்பாளர்கள் இந்த அரங்கில் சிலர் இருக்கிறீர்கள் என்று அறிகிறேன். கேள்வி நேரத்தில் அவர்கள் முதலில் பேசட்டும்.